போத்தல் லேபிளில் தொடங்கி: காபன் நனோகுழாயின் அளவிலிருந்து அதன் குணத்தைக் கணிக்கும் வழி

"சேர், இதை வைத்து ஒரு கடத்தும் படலம் செய்யலாமா?"

இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, மட்டக்களப்புக் கல்லடியில் என் வீட்டு விறாந்தை மேசையில் சிறு போத்தல் ஒன்றை வைத்தாள். உள்ளே புகைக்கூண்டிலிருந்து சுரண்டி எடுத்தது போன்ற கரிய தூள். "மகள், லேபிளை முதலில் வாசி" என்றேன். வாசித்தாள்: பல்சுவர்க் காபன் நனோகுழாய், வெளிவிட்டம் 10 முதல் 20 நனோமீற்றர், நீளம் 10 முதல் 30 மைக்ரோமீற்றர், தூய்மை 95 வீதம்.

பன்பாய் வாங்கப் போகிறவர் "பாய் என்ன விலை" என்று மட்டும் கேட்டுவிட்டு வருவதில்லை. எத்தனை முழம், நெருக்கி இழைத்ததா, ஒற்றையா இரட்டையா என்று கேட்கிறார். காபன் நனோகுழாய் என்றதும் மட்டும் "உருக்கை விட உறுதியானது, செப்பை விட நன்றாகக் கடத்துவது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறோம். எந்தக் குழாய், எவ்வளவு அகலம், எவ்வளவு நீளம், எத்தனை சுவர் என்று யாரும் கேட்பதில்லை. அந்த நான்கையும் சொல்லாதவரை அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை. உயர்தரப் பௌதிகவியலும் ஒரு கணிப்பானும் கைவசம் இருந்தால் போதும், கீழே உள்ள வழியில் நீங்களே கணித்துப் பார்க்கலாம்.

படி 1: தாளைச் சுருட்டுங்கள்

காரீயத்தின் (பென்சில் கூரில் உள்ள கிரபைட்டின்) ஓர் ஒற்றைப் படையை உரித்தெடுத்தால் அது கோழிக்கூட்டுக்கு அடிக்கும் அறுகோணக் கம்பி வலையைப் போல இருக்கும். ஒவ்வொரு மூலையிலும் ஒரு காபன் அணு. அடுத்தடுத்த அணுக்களுக்கு இடையே 0.142 நனோமீற்றர். அந்த வலையைச் சுருட்டி விளிம்போடு விளிம்பைப் பொருத்தினால் கிடைப்பது ஒற்றைச்சுவர் நனோகுழாய். ஒன்றுக்குள் ஒன்றாகப் பல குழாய்கள் செருகியிருந்தால் அது பல்சுவர். உண்மையில் யாரும் சுருட்டுவதில்லை, குழாய் குழாயாகவே வளர்கிறது. ஆனால் கணக்குக்குச் சுருட்டுவதாக எண்ணுவதே வசதி.

இதை வாசித்துவிட்டுப் போகாமல் செய்து பாருங்கள். அறுகோணக் கட்டம் ஒன்றை ஒளிபுகும் பிளாஸ்திக்குத் தாளில் அச்சடித்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஓர் அறுகோணத்தின் நடுவில் புள்ளி வையுங்கள். பக்கத்து அறுகோணத்தின் நடுவுக்குப் போவது ஓர் அடி. உண்மை அளவில் அது 0.246 நனோமீற்றர். ஒரே திசையில் 10 அடி போங்கள். பிறகு 60 பாகை திரும்பி 5 அடி போய் அங்கே இரண்டாம் புள்ளியை வையுங்கள். இரண்டு புள்ளிகளும் ஒன்றின் மேல் ஒன்று விழும்படி தாளைச் சுருட்டுங்கள். உங்கள் கையில் இருப்பது (10, 5) குழாய்.

அறுகோண வரிசைகள் குழாயைச் சுற்றித் திருகாக ஏறுவதைப் பார்ப்பீர்கள். பாயை நேராகச் சுருட்டினால் அதன் சிவப்புக் கோடுகள் வளையம் வளையமாக நிற்கும். கோணலாகச் சுருட்டினால் திருகும். அதே சங்கதிதான். இரண்டாம் எண் பூச்சியமானால் குழாயின் வாய் விளிம்பு வாள் பல்லைப் போல வளைந்து நெளிந்து போகும். இரண்டு எண்களும் சமமானால் விளிம்பு சாய்மனைக் கதிரைகளை வட்டமாக அடுக்கியது போலத் தோன்றும். அந்த வகைக்குச் சாய்மனை வகை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இனி விட்டம். முதல் எண்ணின் வர்க்கம், இரண்டு எண்களின் பெருக்கம், இரண்டாம் எண்ணின் வர்க்கம், மூன்றையும் கூட்டுங்கள். வர்க்கமூலம் எடுத்து 0.0783 ஆல் பெருக்குங்கள். நம்முடைய குழாய்க்கு 100, 50, 25 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 175. அதன் வர்க்கமூலம் 13.23. விட்டம் 1.04 நனோமீற்றர்.

படி 2: கழித்து, மூன்றால் வகுங்கள்

இந்த வழிகாட்டியில் எனக்குப் பிடித்த இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நிற்கிறேன்.

முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். விடை மூன்றால் மீதியின்றி வகுபட்டால் குழாய் உலோகம் போல மின்னைக் கடத்தும். மீதி வந்தால் அது குறைகடத்தி. (10, 10) இல் வித்தியாசம் பூச்சியம், உலோகம். (17, 0) இல் 17, மூன்றால் வகுபடாது, குறைகடத்தி. இரண்டின் விட்டங்களையும் மேலுள்ள முறையில் கணித்துப் பாருங்கள். முதலாவது 1.36, இரண்டாவது 1.33 நனோமீற்றர். வேறுபாடு 0.03 நனோமீற்றர், ஓர் அணுவின் அகலத்தைவிடக் குறைவு. இரண்டிலும் காபனைத் தவிர வேறு எதுவும் இல்லை. இருந்தும் ஒன்று கம்பி, மற்றது திரான்சிஸ்டர் செய்யும் பொருள். செப்புக் கம்பியை ஒரு மயிரிழை மெலிதாக இழுத்தவுடன் அது சிலிக்கனாக மாறியதாக யாராவது சொன்னால் நம்புவோமா?

காரணம் இலத்திரனின் அலைத்தன்மை. குழாயைச் சுற்றி ஓடும் இலத்திரன் அலை, ஒரு சுற்று முடியும்போது தன் வாலைத் தானே சரியாகப் பிடிக்க வேண்டும். பரிதியில் முழு எண் அலைகளே அடங்கலாம். விரிந்த காரீயப் படையில் இலத்திரன்கள் தடையின்றி நகர்வதற்குச் சில குறிப்பிட்ட அலைநிலைகள் மட்டுமே உள்ளன. பரிதி அனுமதிக்கும் அலைகளுக்குள் அந்த நிலையும் சேர்ந்துவிட்டால் உலோகம். தவறிவிட்டால், மின்னைக் கடத்த இலத்திரன் தாண்ட வேண்டிய ஒரு சக்தி இடைவெளி பிறக்கிறது. மூன்றால் வகுபடும் விதி அந்தப் பொருத்தத்தின் கணக்கு. எண்களை எழுந்தமானமாகப் பொறுக்கினால் மூன்றில் ஒன்று உலோகமாகவும் மூன்றில் இரண்டு குறைகடத்தியாகவும் விழும்.

சுமியோ இஜிமா 1991 இல் பல்சுவர்க் குழாய்களைப் பற்றி எழுதிய பின்னரே உலகம் இப்பக்கம் திரும்பியது. அடுத்த ஆண்டே கோட்பாட்டாளர்கள் இந்த விதியைத் தாளில் எழுதிவிட்டார்கள். 1998 இல் நுண்முனை நுணுக்குக்காட்டியால் ஒற்றைக் குழாய்களைத் தொட்டு அளந்தபோது விதி சரியென்று தெரிந்தது.

ஒரு சிறு எச்சரிக்கை. வித்தியாசம் மூன்றால் வகுபட்டும் சாய்மனை வகையில் சேராத மெல்லிய குழாய்களில், உதாரணமாக (9, 0) இல், வளைவின் காரணமாக 0.1 இலத்திரன்வோல்ற்றுக்கும் குறைந்த ஒரு சின்ன இடைவெளி திறந்துகொள்கிறது. கண்டிப்பான உலோகம் சாய்மனை வகை மட்டுமே.

படி 3: குறைகடத்தி என்றால் இடைவெளியைக் கணியுங்கள்

0.8 ஐ நனோமீற்றரில் உள்ள விட்டத்தால் வகுங்கள். கிடைப்பது இலத்திரன்வோல்ற்றில் சக்தி இடைவெளி. (10, 5) க்கு ஏறத்தாழ 0.77, (17, 0) க்கு 0.60. ஒப்பிட்டுப் பார்க்கச் சிலிக்கனின் இடைவெளி 1.1. குழாய் பருக்கப் பருக்க இடைவெளி சுருங்கும்.

மாணவியின் போத்தலில் வெளிச்சுவரின் விட்டம் 20 நனோமீற்றர் என்று வையுங்கள். இடைவெளி 0.04 இலத்திரன்வோல்ற்று. அறை வெப்பநிலையில் உள்ள வெப்பச் சக்தியே 0.025 இருக்கும்போது, அவ்வளவு சிறிய மதில் எந்த இலத்திரனையும் தடுக்காது. அதனால்தான் பருத்த பல்சுவர்க் குழாய்கள் நடைமுறையில் உலோகம் போலவே நடந்துகொள்கின்றன. லேபிளில் சுருட்டிய எண்கள் இல்லாததும் அதனால்தான். ஒவ்வொரு சுவருக்கும் வெவ்வேறு சோடி எண்கள், கேட்டும் பயனில்லை.

இந்த எளிய சூத்திரம் மெலிந்த பக்கத்தில் பொய்க்கும். (6, 5) குழாயின் விட்டம் 0.75 நனோமீற்றர், சூத்திரம் 1.07 என்கிறது. அது உமிழும் ஒளியோ ஏறத்தாழ 990 நனோமீற்றர் அலைநீளம், அதாவது 1.25 இலத்திரன்வோல்ற்று. இவ்வளவு ஒடுக்கமான இடத்தில் மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுவதையும் இழுப்பதையும் சூத்திரம் கணக்கில் எடுக்கவில்லை. இந்த (6, 5) ஐ மட்டும் பிரித்தெடுத்து நீரில் கலக்கினால் கரைசல் கத்தரிப்பூ நிறத்தில் நிற்கும். கரித்தூளென்று நினைத்ததற்குள் அப்படி ஒரு நிறம் ஒளிந்திருக்கிறது.

படி 4: விட்டத்தைக் காதால் அளவிடுங்கள்

முழுநிலா இரவில் தோணியிலிருந்து துடுப்பை வாவிக்குள் இறக்கி, அதன் மறுமுனையில் காதை வைத்துப் பாடுமீனின் ஓசை கேட்பது நம் ஊர் வழக்கம். பாடுவதை யாரும் கண்ணால் காண்பதில்லை. ஒற்றைச்சுவர்க் குழாயின் விட்டத்தையும் ஏறக்குறைய அப்படித்தான் அறிகிறார்கள். குழாய் முழுவதும் ஒருமித்து விரிந்து சுருங்கும் ஓர் அதிர்வு உண்டு, மூச்சுவிடுவது போல. லேசரைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியின் இராமன் நிறமாலையில் அந்த அதிர்வைத் தேடலாம்.

சிலிக்கன் ஒட்சைட்டு மேல் கிடக்கும் தனிக் குழாய்க்கு, சென்ரிமீற்றருக்கு எத்தனை அலை என்ற கணக்கில், 248 ஐ விட்டத்தால் வகுத்தால் அதிர்வு வரும். (10, 10) 183 இல் ஒலிக்கும்; (10, 5) 239 இல். மெல்லிய குழாய்க்கு உச்சம், பருத்த குழாய்க்கு மந்தரம். கட்டாகச் சேர்ந்த குழாய்களில் அக்கம்பக்கம் நெருக்குவதால் சுருதி சற்று மாறும். பருத்த பல்சுவர்க் குழாயில் இந்தக் குரலே எழும்பாது. அதற்கு இலத்திரன் நுணுக்குக்காட்டிதான் வழி.

படி 5: நீளத்தையும் மின்தடையையும் பொருத்துங்கள்

கம்பியின் நீளம் பாதியானால் தடையும் பாதியாகும் என்று சாதாரணதர வகுப்பிலேயே படித்தோம். உலோக நனோகுழாய் ஓர் எல்லைக்குப் பின் அதைக் கேட்காது. முனைகளில் எவ்வளவு திறமாக இணைத்தாலும் ஒற்றைச்சுவர்க் குழாயின் தடை 6.45 கிலோ ஓமுக்குக் கீழே இறங்காது. அது இயற்கை மாறிலிகளால் நிர்ணயமான தரை. குறைந்த வோல்ற்றளவில் இலத்திரன் ஏறத்தாழ 1 மைக்ரோமீற்றர் தூரம் எதிலும் முட்டாமல் ஓடுகிறது. நீளத்தை மைக்ரோமீற்றரில் எடுத்து ஒன்றைக் கூட்டி 6.45 ஆல் பெருக்குங்கள். 0.1 மைக்ரோமீற்றர்க் குழாய்க்கு 7.1 கிலோ ஓம். 1 க்கு 12.9, 10 க்கு 71. நீளம் நூறு மடங்கானது, தடை பத்து மடங்கு மட்டுமே. வோல்ற்றளவை ஏற்றிக்கொண்டே போனால் இன்னொரு கூரை இடிக்கும்: தனிக்குழாயில் 25 மைக்ரோ அம்பியரை ஒட்டி மின்னோட்டம் நின்றுவிடுகிறது.

படி 6: உறுதி என்றால் எந்தச் சுவரின் உறுதி?

யங்கின் மட்டு ஏறத்தாழ 1000 கிகாபஸ்கால். உருக்கு 200. இந்த எண் விட்டத்தோடு பெரிதாக மாறுவதில்லை. சுவரின் தடிப்பு 0.34 நனோமீற்றர் என்று எடுத்துக்கொண்டால் வருவது இது. தடிப்பை வேறாக எடுத்துவிட்டு யாராவது 5000 என்று எழுதியிருந்தால் மலைத்துவிடாதீர்கள்.

மாறுவது வளையாமை. மெல்லிய சுவர்க் குழாயின் விட்டத்தை இரட்டித்தால் வளைவுக்கு எதிரான விறைப்பு எட்டு மடங்காகும். ஆனாலும் பப்பாசி இலைக் காம்பை வளைத்துப் பாருங்கள். கொஞ்ச தூரம் அழகாக வளையும், பிறகு ஓரிடத்தில் படக்கென்று மடிந்து தட்டையாகும். உள்ளே வெற்றிடம், சுவர் மெலிது. ஒற்றைச்சுவர்க் குழாயும் அப்படியே மடிகிறது, கையை விட்டால் திரும்ப நிமிர்கிறது என்பதுதான் வேறுபாடு. விட்டம் சில நனோமீற்றரைத் தாண்டினால் யாரும் வளைக்காமலே எதிர்ச்சுவர்கள் ஒன்றையொன்று ஈர்த்துப் பட்டி போலத் தட்டையாகிவிடுவதும் உண்டு. அதைத் தடுப்பவை உள்சுவர்கள்.

ஆனால் இழுவைக்கு வரும்போது அதே உள்சுவர்கள் வேலைக் கள்ளர். 2000 ஆம் ஆண்டில் பல்சுவர்க் குழாய்களை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தபோது வெளிச்சுவர் மட்டும் அறுந்தது. உள்ளே இருந்தவை வாளை உறையிலிருந்து உருவுவது போல வழுக்கி வந்தன. வெளிச்சுவரின் உறுதி 11 முதல் 63 கிகாபஸ்கால் வரை இருந்தது.

கணக்கைப் போடுங்கள். வெளிவிட்டம் 10 நனோமீற்றர், பத்துச் சுவர். சுவர்களுக்கு இடையே 0.34 இருப்பதால் உட்சுவரின் விட்டம் 3.9. வெளிச்சுவரின் குறுக்கு வெட்டுப் பரப்பு ஏறத்தாழ 10.7 சதுர நனோமீற்றர்; எல்லாச் சுவர்களுக்கும் சேர்த்து 74. பாரம் சுமப்பது ஏழில் ஒரு பங்கு. மேல் எல்லையான 63 ஐயே எடுத்தாலும் முழுக் குழாயின் கணக்கில் 9 கிகாபஸ்கால்தான் மிஞ்சும். அதுவும் நல்ல உருக்கைவிடப் பல மடங்குதான். ஆனால் விளம்பரத்தில் வரும் எண் அல்ல.

இனி அந்தக் குழாயைப் பிசினுக்குள் போட்டுப் பலப்படுத்தப் போகிறீர்கள் என்றால் நீளம் உள்ளே வருகிறது. மருதமுனைத் தறிகளில் ஓடும் பருத்தி நூலை அவிழ்த்துப் பாருங்கள்: சில சென்ரிமீற்றர் நீளமான நார்கள் முறுக்கின் பிடியால் மட்டும் ஒன்றாக நிற்கின்றன. நார் மிகக் குட்டையானால் அறுவதற்கு முன் உருவிக்கொண்டு வந்துவிடும். குழாய்க்கும் ஓர் எல்லை நீளம் உண்டு. உறுதியை விட்டத்தால் பெருக்கி, பிசினின் பிடிதகைப்பின் இரு மடங்கால் வகுங்கள். 9 கிகாபஸ்கால், 10 நனோமீற்றர், பிடி 50 மெகாபஸ்கால் என்றால் விடை 0.9 மைக்ரோமீற்றர். இதைவிடக் குட்டையான குழாயில் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய உறுதி பயன்படாமலே கிடக்கும்.

படி 7: வெப்பம்

சுருக்கமாகவே சொல்லலாம். 1.7 நனோமீற்றர் விட்டமும் 2.6 மைக்ரோமீற்றர் நீளமும் கொண்ட தனிக்குழாய் ஒன்றில் அறை வெப்பநிலையில் அளந்த வெப்பக் கடத்தாறு, மீற்றர் கெல்வினுக்கு ஏறத்தாழ 3500 வாற்று. 14 நனோமீற்றர் பல்சுவர்க் குழாயில் 3000. செப்பு 400. வெப்பத்தைச் சுமக்கும் அதிர்வலைகள் அரை மைக்ரோமீற்றர் அளவு முட்டாமல் ஓடுவதால், அதைவிடக் குட்டையான குழாயில் முனைகளே தடையாகிவிடும். குழாய்களைப் பாய் போல அடுக்கினால் எண் அதளபாதாளத்துக்கு இறங்கும். ஒவ்வொரு தொடுகையும் ஒரு வாய்க்கால் கட்டு.

படி 8: நீளத்தை விட்டத்தால் வகுங்கள்

படலம் செய்ய வந்த மாணவிக்கு உண்மையில் வேண்டியிருந்தது இந்தப் படிதான். நான் சறுக்கியதும் இங்கேதான்.

ஒரு கைப்பிடி தென்னை ஈர்க்கை நிலத்தில் எறியுங்கள். சுவரிலிருந்து சுவர் வரை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும். அதே ஈர்க்கை விரல்கடை அளவு துண்டாக்கி எறியுங்கள். அளவு அதேதான், ஆனால் ஒன்றும் ஒன்றைத் தொடாது. பிசினுக்குள் குழாய்கள் மின்பாதை அமைப்பதும் இப்படித்தான். எழுந்தமானமாகக் கிடக்கும் மெல்லிய கோல்களுக்குத் தேவையான மிகக்குறைந்த கனவளவுப் பங்கு, 0.7 ஐ நீள விட்ட விகிதத்தால் வகுத்தால் வரும்.

போத்தலின்படி நீளம் 20 மைக்ரோமீற்றர், விட்டம் 15 நனோமீற்றர். விகிதம் 1300 ஐத் தாண்டுகிறது. தேவை 0.05 வீதம். தாராளமாக இருக்கட்டும் என்று 0.2 வீதம் போடச் சொன்னேன். குழாய்கள் கட்டிகட்டியாகக் கிடந்ததால், கரையும்வரை மீயொலியில் (காதுக்கு எட்டாத ஒலியால் திரவத்தைக் குலுக்கும் கருவியில்) வைக்கவும் சொன்னேன். அவள் கெட்டிக்காரி, மின்சாரம் நின்றுபோன நேரம் போக முழுப் பகலும் வைத்திருக்கிறாள். கரைசல் பேனா மை போல ஒரே சீராக வந்தது. இருவருக்கும் மகிழ்ச்சி. படலத்தை உலர்த்திப் பல்மானியை வைத்தபோது முள் அசையவே இல்லை.

இரண்டு கிழமை பிசினைச் சந்தேகித்தோம். தொடுகைக்குப் பூசிய வெள்ளிப் பசையைச் சந்தேகித்தோம். கடைசியில் இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படம் எடுத்துப் பார்த்தபோது சராசரி நீளம் அரை மைக்ரோமீற்றர். மீயொலி குழாய்களைப் பிரித்ததோடு நில்லாமல் வெட்டியும் போட்டிருந்தது. விகிதம் 33, தேவையான அளவு 2 வீதம். நாங்கள் போட்டதோ அதில் பத்தில் ஒன்று. லேபிளில் உள்ள நீளம் போத்தலுக்குள் இருக்கும்வரைதான் உண்மை என்பது எனக்கு உறைத்தது அன்றுதான், அதுவும் மற்றவர்களுக்குப் பாடம் எடுத்துப் பல வருடம் கழித்து.

படி 9: பரப்பளவை வைத்து லேபிளைச் சோதியுங்கள்

முனை மூடிய ஒற்றைச்சுவர்க் குழாயின் வெளிப்பரப்பு கிராமுக்கு 1315 சதுர மீற்றர். விட்டம் எதுவானாலும் இதே எண்தான், ஏனெனில் பரப்பும் திணிவும் சேர்ந்தே வளர்கின்றன. சுவர் கூடினால் திணிவு மட்டும் ஏறும். நமது பத்துச் சுவர்க் குழாய்க்கு 1315 ஐ வெளிவிட்டமான 10 ஆல் பெருக்கி, எல்லாச் சுவர் விட்டங்களின் கூட்டுத்தொகையான 69 ஆல் வகுத்தால் 190 வருகிறது. அதே அளவைச் சொல்லிவிட்டு, பரப்பு 500 என்று அச்சடித்திருந்தால் ஏதோ ஓர் எண் பிழை. வாயு உணரிக்கோ மின்கலத்துக்கோ வாங்குபவர் காசைக் கொடுக்க முன் இந்த ஒரு வகுத்தலையாவது செய்ய வேண்டும்.

படி 10: மூச்சுக்குள் போகும் நீளம்

இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். நம் வீடுகளில் அஸ்பெஸ்டஸ் சீற் உள்ள பலருக்கு அதன் கெடுதி தெரியும். அதன் நார் மெல்லியது, நீளமானது, விறைப்பானது, கரையாதது. நீளமான, விறைப்பான பல்சுவர்க் குழாயும் அந்த நான்கையும் கொண்டது. நமது உடலின் துப்புரவுக் கலம் ஒன்று 15, 20 மைக்ரோமீற்றர் நாரை முழுதாக விழுங்க முடியாமல் திணறுகிறது. 2008 இல் எலிகளில் செய்த ஆய்வில் நீளமான குழாய்கள் அஸ்பெஸ்டஸ் போன்ற அழற்சியை உண்டாக்கின; குட்டையானவையும் சுருண்டு கிடந்தவையும் அப்படிச் செய்யவில்லை. 2014 இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் குறிப்பிட்ட ஒரு விறைப்பான பல்சுவர் வகையை, மனிதருக்கு ஒருவேளை புற்றுநோய் தரக்கூடியது என்ற பிரிவில் வைத்தது.

ஆகவே உலர்ந்த தூளை மின்விசிறிக்குக் கீழே திறக்கக் கூடாது. புகையகற்றும் பெட்டிக்குள் வைத்து, நுண்துகளைத் தடுக்கும் முகக்கவசமும் கையுறையும் அணிந்து, நிறையை அளந்த உடனே நனைத்துவிட வேண்டும். சிந்தினால் ஈரத்துணியால் துடையுங்கள், விளக்குமாறு வேண்டாம். அன்று என் விறாந்தையில் அந்தப் போத்தலின் மூடியைக் கழற்ற அவள் கையெடுத்தபோது, வாவிக்காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. தடுத்துவிட்டேன்.

இரண்டாம் முறை, சவர்க்காரம் போன்ற ஒரு பிரிப்பியைச் சேர்த்து, மீயொலியை இருபது நிமிடத்தில் நிறுத்தினோம். கரைசலில் அங்கங்கே சிறு திட்டுகள் தெரிந்தன, முன்பு போல அழகாக இல்லை. சராசரி நீளம் 6 மைக்ரோமீற்றர்; விகிதம் 400; தேவை 0.18 வீதம். 0.3 போட்டோம். பல்மானியின் முள் நகர்ந்தது. அவள் போத்தலை எடுத்து, அச்சடித்த லேபிளுக்குக் கீழே பிளாஸ்டர் ஒட்டி, நீலப் பேனாவால் திகதியிட்டு எழுதினாள்: "மீயொலிக்குப் பின் நீளம் 6."